ஊசல், தினம் இரண்டு முறை

"இதைப் படிச்சுட்டு, அந்தப் பொம்பளை ஏமாத்துக்காரி இல்லைன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு காபி பில்லை மேஜையின் குறுக்கே தள்ளினார் எகோன் ஷுலிகோய்.

நோவா கோரிட்சாவில், இத்தாலி எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் சபோதின் காசினோவுக்கு அவர்தான் மேலாளர். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே நெற்றி வியர்த்திருந்தது.

நெவென்கா கோமெல் பில்லைத் தொடாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தார். இதே காசினோவின் கேமரா அறையில் பதினான்கு வருஷம் உட்கார்ந்துவிட்டு, பிறகு தனியார் துப்பறிவாளராக உரிமம் வாங்கியவர். நான் சோர்கோ ஹுமார். முன்பு டாக்ஸி ஓட்டினேன். இப்போது அவருக்குக் கார் ஓட்டுகிறேன். சும்மா இருக்கும் நேரத்தில் வாயையும் ஓட்டுகிறேன். சம்பளம் காருக்கு மட்டும்தான்.

பில்லின் பின்பக்கம் இத்தாலிய மொழியில் நீல மையில் மூன்றே வரி.

ஊசல்.
தினம் இரண்டு முறை, பத்து நிமிடம்.
ஒரேயடியாகப் பூட்டிக்கொள்வதற்கு முன்.

"எழுதினது யாரு?" என்றார் நெவென்கா.

"ஒர்னெல்லா விசின்தின். எல்லைக்கு அந்தப் பக்கம் கொரீசியாக்காரி. அம்பத்தெட்டு வயசு. ஆறு வாரத்துல பதினோரு மதியம் வந்தா. பதினோரு தடவையும் ஒரே பிளாக்ஜாக் சீட்டாட்ட மேஜை, ஒரே கடைசி நாற்காலி, ஒரே டீலர். பதினெட்டாயிரத்துச் சொச்சம் யூரோ ஜெயிச்சிருக்கா. பணத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்."

"டீலர்?"

"க்லாவ்தி மாகுத்ஸ்."

நெவென்கா நிமிர்ந்தார். "க்லாவ்தியா? இருபத்திரெண்டு வருஷமா இங்க நிக்கிற மனுஷன்."

"அதனாலதான் வயிறு எரியுது. போலீசுக்குப் போகப் போறேன். ஆனா எங்க வக்கீல், உரிமம் உள்ள துப்பறிவாளர் அறிக்கை இல்லாம கையெழுத்துப் போட மாட்டேங்குறான். திங்கக்கிழமைக்குள்ள வேணும்."

"இந்தப் பில்லை டீலர்கிட்ட அவங்க எப்படிக் கொடுத்தாங்க?"

"டிப்ஸ் டோக்கனுக்கு அடியில வெச்சு நீட்டியிருக்கா. இவன் ஒரு பார்வை பாத்துட்டு, ரெண்டையும் சேத்து மேஜையில இருக்கிற டிப்ஸ் பெட்டி ஓட்டையில தள்ளிட்டான். காலையில பெட்டியைத் திறந்தவங்க கொண்டுவந்து கொடுத்தாங்க. என்னன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறான்." எகோன் விரலை நீட்டினார். "கேமரா அறையில ஆள் மாறுறது தினம் ரெண்டு தடவை. மாறுறதுக்கு ஆகுற நேரம் பத்து நிமிஷம். பூட்டுறதுன்னா மேஜையை மூடுறது. இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"ஊசல்னா, மேனேஜர் சார்?" என்றேன் நான்.

"அது ஏதோ சங்கேதம்."

"சுவர்க் கடிகாரம் எதுவும் காணாமப் போகலையே?"

எகோன் என்னைப் பார்த்த பார்வையில் என் காபி ஆறிப்போனது.

நெவென்கா கேட்டார்: "கூட்டுக் களவாணியா இருந்தா, மூணு பேரு கூடித் திறக்கிற பெட்டியிலயா சாட்சியைப் போடுவான்?"

"வேற எங்க போடுவான்? டீலருங்க பாக்கெட்டை எல்லாம் தைச்சு வெச்சிருக்கோமே!"

அதுவும் சரிதான்.

கேமரா பதிவைப் போட்டார்கள். அந்த மேஜையில் டீலர் தன் முதல் சீட்டைத் திறந்து வைப்பார், இரண்டாவதைக் குப்புற வைப்பார். குப்புற இருப்பது என்னவென்று தெரிந்தவனுக்கு மீதி ஆட்டம் தண்ணீர் பட்ட பாடு. க்லாவ்தி அதை இடது கையால் உள்ளே தள்ளும்போது முழங்கை உயர்ந்தது. சீட்டின் ஓரம் ஒரு கண் சிமிட்டும் நேரம் எழும்பி அடங்கியது. கடைசி நாற்காலியில், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்ணின் கண் அங்கே போய்த் திரும்பியது.

"பாத்தீங்களா? காட்டுறான்!" என்றார் எகோன்.

"அவங்க வராத நாள் பதிவு ஒண்ணு போடுங்க."

செவ்வாய்க்கிழமைப் பதிவு வந்தது. அதே டீலர். கடைசி நாற்காலி காலி. க்லாவ்தியின் முழங்கை உயர்ந்தது, சீட்டு எழும்பியது, அடங்கியது. அடுத்த ஆட்டத்திலும் அப்படியே.

"காலி நாற்காலிக்கு எதுக்கு எகோன் சைகை காட்டணும்?" என்றார் நெவென்கா.

எகோன் திரையைத் தட்டினார். "சரி, இவன் தெரியாமக் காட்டினான்னே வெச்சுக்குவோம். அவ பாத்தாளே!"

"பாக்குறது ஏமாத்து இல்லை. சீட்டுல குறி வெச்சா ஏமாத்து. கருவி ஒளிச்சுக் கொண்டுவந்தா ஏமாத்து. முடிவு தெரிஞ்சப்புறம் பந்தயத்தை ஏத்தி வெச்சா ஏமாத்து. டீலரோட பேசி வெச்சுக்கிட்டாலும் ஏமாத்து. ஆனா டீலர் அஜாக்கிரதையாக் காட்டினதை, தன் நாற்காலியில உக்காந்து தன் கண்ணால ஒருத்தி பாத்தான்னா, அது உங்க தலைவலி. அவங்க குத்தம் இல்லை."

"அப்ப இந்தப் பேப்பர்?"

"அது ஒண்ணுதான் பாக்கி. பேசி வெச்சுக்கிட்டாங்கங்கறதுக்கு இருக்கிற ஒரே தடயம்." பில்லைப் படம் எடுத்துக்கொண்டு எழுந்தார். "கடைசி நாள் பதிவை சோர்கோவுக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "ஆறு வாரமா அந்தக் கை இப்படி ஏறி இறங்குது. கேமரா அறையில என்னதான் பாத்தாங்க, மேடம்?"

"ஆட வர்றவங்களைப் பாப்பாங்க. டீலரை யாரு பாப்பா? மேஜையோட சேந்த சாமான் மாதிரி." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார்: "நானும் பதினாலு வருஷம் அப்படித்தான் பாத்தேன்."

ரயில் நிலையத்துச் சதுக்கத்தில் கல்லில் பதித்த எல்லைக்கோட்டைத் தாண்டி இருபது நிமிடம் நடந்தோம். ஒர்னெல்லா விசின்தினின் வீடு மூன்றாம் மாடி. கதவில் பெயர்ப் பலகை. அதன் கீழே, வெயில் படாத நிறத்தில் ஒரு நீள்சதுரம், நான்கு மூலையிலும் திருகாணி ஓட்டை.

"கடன்காரனுக்குப் பயந்து பலகையைக் கழட்டிட்டாங்களோ?" என்றேன்.

"பேரு இருக்கே, சோர்கோ. தொழிலைத்தான் கழட்டியிருக்காங்க."

கதவைத் திறந்த பெண் எங்களை யார் என்றே கேட்கவில்லை. "காசினோவுல இருந்தா? உள்ள வாங்க" என்றார். கைது செய்ய வந்தவர்களை வரவேற்கும் குரல்.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை மரக் கட்டைகள், ஏணிப்படி போல. ஒவ்வொன்றிலும் துவைத்த துணி காய்ந்துகொண்டிருந்தது. நெவென்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துணி காயப் போட யாரும் சுவர்ல பதினாலு கட்டை அடிக்க மாட்டாங்க. இது நோயாளிங்க பிடிச்சுப் பயிற்சி செய்யற ஏணி" என்றார். "எத்தனை வருஷம் மூட்டு வைத்தியம் பாத்தீங்க, சின்யோரா?"

"முப்பத்தொண்ணு."

"தோளா?"

"பெரும்பாலும் தோள்தான்."

"ஊசல்?"

ஒர்னெல்லா எழுந்து, மேஜை விளிம்பை வலது கையால் பிடித்துக் குனிந்தார். இடது கையைச் செத்த பாம்பைப் போலத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினார். முன்னும் பின்னும், பிறகு வட்டமாக. "இதுதான் ஊசல். தோள் இறுகிப் போறவங்களுக்கு முதல் பயிற்சி. ரெண்டு வேளை, பத்து நிமிஷம். விட்டா மூட்டு மொத்தமாப் பூட்டிக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எகோனின் சங்கேதம், கேமரா அறை, பத்து நிமிடம் எல்லாம் அந்தத் தொங்கும் கையில் கரைந்து போயிருந்தது. "சின்யோரா, நீங்க பிழைச்சீங்க! டீலரோட பேசி வெச்சுக்கலை. நீங்க செஞ்சது ஏமாத்தே இல்லை!"

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.

"முதல் நாள் வேடிக்கைக்குத்தான் வந்தேன். அந்த ஆளு கையை நீட்டினதுமே தெரிஞ்சுபோச்சு. தோள் எழும்பாதவன் முழங்கையைத் தூக்குவான். அந்த நிமிஷமே சொல்லியிருக்கணும், 'ஐயா, தோளைக் காட்டுங்க'ன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. அப்பதான் அடியில ராணிச் சீட்டு தெரிஞ்சுது." அவர் எங்களைப் பார்க்காமல் பேசினார். "ஒவ்வொரு வாரமும் கை இன்னும் கொஞ்சம் மேல ஏறிச்சு. அவருக்கு வலி ஏற ஏற எனக்குச் சீட்டு நல்லாத் தெரிஞ்சுது. வீட்டுக்கு வந்தா சாப்பாடு இறங்காது. மறுபடி போவேன்."

"கடைசி நாள்?"

"சீட்டைத் தள்ளும்போது வலியில கண்ணை மூடினார். எனக்குத் தாங்கலை. பில்லுல எழுதிக் கொடுத்தேன். கொடுத்த உடனே எழுந்து போனா அவருக்குத்தான் சந்தேகம் வரும்னு மூணு ஆட்டம் ஆடினேன். கைப்பையையே பாத்துக்கிட்டு ஆடினேன். மூணும் தோத்துச்சு."

"தலை நிமிரவே இல்லையா?"

"இல்லை."

நெவென்கா அதைக் குறித்துக்கொண்டார். கிளம்பும்போது ஒர்னெல்லா எங்களை வழியனுப்ப வாசல் வரைகூட வரவில்லை.

மதியம் சோல்கானுக்குக் கார் ஓட்டினேன். க்லாவ்தியின் வீடு அங்கேதான், ரயில் பாலத்துக்குப் பக்கத்தில். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டால் அறிக்கை முடிந்தது. நல்ல சேதி கொண்டு போகிறோம் என்று இருவருக்குமே மனசு லேசாக இருந்தது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, ஆளுக்கொரு இறைச்சி அடைத்த பூரெக் ரொட்டி வாங்கிக்கொண்டோம். சாப்பிட்டுக்கொண்டே என் கையிலிருந்த பதிவைப் போனில் ஓடவிட்டேன். பொழுது போகாமல்தான்.

"அந்த அம்மா சொன்னது நிஜம், மேடம். பேப்பரைக் கொடுத்தப்புறம் தலை நிமிரவே இல்லை. என் பொண்டாட்டி என்கிட்டப் பேசும்போது இருக்கிற மாதிரியே இருக்காங்க." வாய் நிறைய பூரெக்கோடு, யோசிக்காமல் அடுத்ததையும் சொன்னேன். "இந்த ஆளுக்கு ஊசல் உடனே வேலை செஞ்சிருச்சு போல. வலது கைக்கு மாறிட்டாரே!"

நெவென்கா மெல்லுவதை நிறுத்தினார். "என்ன சொன்னீங்க?"

"குப்புற வைக்கிற சீட்டை வலது கையால தள்ளுறார். பேப்பரைப் படிச்சப்புறம் மூணு ஆட்டமும்."

போனை வாங்கினார். ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை, மிக மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். வலது தோளில் எந்தக் கோளாறும் இல்லை. முழங்கை உயரவில்லை. ஆனாலும் சீட்டின் ஓரம் எழும்பியது. கண் சிமிட்டும் நேரமல்ல. நிதானமாக ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் நின்றது. மூன்றாவது ஆட்டத்தில் இன்னும் அதிக நேரம்.

மீதிப் பூரெக்கைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

"இது தற்செயலா இருக்கலாம், மேடம்."

"நல்ல கை, சோர்கோ."

"நான் எதுவும் பாக்கலை. நீங்களும் பாக்கலை. வண்டியைத் திருப்புறேன்."

"பாத்தாச்சே" என்றார் அவர்.

க்லாவ்தி தோட்டத்தில் ஒற்றைக் கையால் திராட்சைக் கொடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். உயரமான மனிதர். இடது கை உடம்போடு ஒட்டியிருந்தது. நெவென்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"உன்னை அனுப்பினாங்களா? நல்லதாப் போச்சு. வேற எவனாவது வருவான்னு நினைச்சேன்."

"அந்தப் பேப்பர் என்னன்னு தெரிஞ்சுபோச்சு, க்லாவ்தி. ஏன் எகோன்கிட்டச் சொல்லலை?"

"தோள் போச்சுன்னு தெரிஞ்சா மேஜையில நிக்க விடுவாங்களா? ஓய்வு பெற இன்னும் எட்டு வருஷம் இருக்கு எனக்கு."

"கை அப்படி ஏறினா சீட்டு தெரியும்னு உனக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது. அந்தப் பேப்பரைப் படிச்சதும்தான் உறைச்சுது. இந்த அம்மா என் தோளையே இத்தனை நாளாப் பாத்திருக்கான்னா, வேற என்னத்தைப் பாத்திருப்பா? அவ ஏன் ஜெயிச்சான்னு அப்பதான் புரிஞ்சுது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நெவென்கா நிறுத்தவில்லை.

"புரிஞ்சப்புறம் மூணு ஆட்டம் ஆடியிருக்கே. வலது கையால."

கத்தரிக்கோல் ஓசை நின்றது. பாலத்தின் மேல் ஒரு சரக்கு ரயில் போனது.

"இருபத்திரெண்டு வருஷம் அந்த மேஜைக்குப் பின்னாடி நின்னேன்" என்றார் க்லாவ்தி. "ஆயிரக்கணக்கான பேரு எதிர்ல உக்காந்தாங்க. என் கையைப் பாப்பாங்க, சீட்டைப் பாப்பாங்க. எனக்கு வலிக்குதான்னு பாத்தது அவ ஒருத்திதான். நன்றி சொல்ல என்கிட்ட என்ன இருந்துச்சு? வாயைத் திறக்கக் கூடாது. பாக்கெட்டைக்கூடத் தைச்சு வெச்சிருக்கு. கையில இருந்தது சீட்டு மட்டும்தான்."

"அதனால காட்டினே."

"ஒரு தடவைன்னு நினைச்சேன். அவ தோத்தா. சரியாத் தெரியலை போலன்னு ரெண்டாவது தடவை. மூணாவது தடவை அப்படியே தூக்கிப் பிடிச்சேன். அவ கைப்பையைப் பாத்துக்கிட்டிருந்தா." அவர் சிரிக்க முயன்றார். "நெவென்கா, யாருக்கும் ஒரு காசு போகலையே. காசினோதான் ஜெயிச்சுது."

"ஜெயிச்சாங்களா தோத்தாங்களான்னு சட்டம் பாக்காது. தெரிஞ்சே ஆட்டத்தைக் கோணலாக்கக் கை நீட்டினாலே போதும்."

"எனக்கும் தெரியும். புதுசா வர்றவங்களுக்கு நான்தானே பாடம் எடுப்பேன்." கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எழுதப் போறியா?"

"கேட்டவ நான். கேக்காத மாதிரி எழுத எனக்குத் தெரியலை, க்லாவ்தி."

அவர் தலையாட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மழை வரும் போல இருக்கு. பாத்துப் போங்க" என்றார்.

அன்று ராத்திரி என் வீட்டில், என் மனைவி, ஏன் வாயே திறக்கவில்லை, உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அறிக்கை போனது. நான்கு பக்கம். முதல் மூன்றில் ஒர்னெல்லா விசின்தின் எந்த ஏமாற்றும் செய்யவில்லை என்று இருந்தது. நான்காவதில் மூன்று ஆட்டம், வலது கை. எகோன் முகத்தைச் சுளித்துக்கொண்டே பணத்தை விடுவித்தார். நான்காவது பக்கத்தை அவரே அரசாங்கத்தின் சூதாட்ட மேற்பார்வை அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். இரண்டே வாரத்தில் க்லாவ்தியின் டீலர் உரிமம் பறிபோனது. இனி எந்த காசினோவிலும் நிற்க முடியாது. நஷ்டம் யாருக்கும் இல்லை என்பதால் வழக்கு மட்டும் வேண்டாமென்று விட்டார்கள்.

சேதியைச் சொல்ல ஒர்னெல்லாவிடம் போனோம். தபாலிலேயே அனுப்பிவிடலாம் என்றேன். நெவென்கா கேட்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒர்னெல்லா சொன்னார்: "நான் பாத்தேன்னு எழுதிடுங்க. அந்த மூணு ஆட்டத்துலயும் பாத்தேன்னு. எனக்கும் தண்டனை கொடுக்கட்டும்."

"அப்படி எழுதினா நீங்க கூட்டுக் களவாணி ஆயிடுவீங்க. அவரு நிலைமை இன்னும் மோசமாகும்."

"பதினோரு நாள் அவரு வலியைக் காசாக்கினவ நான். மூணு நிமிஷம் நன்றி காட்டினவர் அவரு. அவரு ஏமாத்துக்காரர், நான் நேர்மையானவளா?"

"சட்டப்படி ஆமாம்."

"அப்ப நான் செஞ்சதுக்கு என்ன பேரு?"

"சட்டத்துல அதுக்குப் பேரு இல்லை, சின்யோரா."

ஒர்னெல்லா ஜன்னலைப் பார்த்தார். பிறகு திடீரென்று, வேறு யாரோ பேசுகிற கறாரான குரலில் கேட்டார்: "கை எதுவரைக்கும் எழும்புது?"

நெவென்கா தன் இடது கையைத் தோளுக்குக் கீழேயே நிறுத்திக் காட்டினார்.

"அவ்வளவுதானா? இந்த மாசத்தை விட்டா பிடிக்க முடியாது. இங்க வரச் சொல்லுங்க."

"வர மாட்டார். கோபம் இல்லை. காட்டினதை நீங்க பாக்கலைன்னு அவருக்குத் தெரியும். அந்த வெட்கம்தான்."

ஒர்னெல்லா எழுந்தார். சுவரிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவி நாற்காலியில் போட்டார். பதினான்கு கட்டைகளும் வெறுமையாகும் வரை ஓயவில்லை. பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கார் இருக்கா உங்ககிட்ட?"

சோல்கானில் அவரை இறக்கிவிட்டேன். அவர் கதவைத் தட்டவில்லை. நேராகத் தோட்டத்துக்குள் போனார். க்லாவ்தி திரும்பிப் பார்த்து, ஒரு அடி பின்னால் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"பேச்செல்லாம் அப்புறம். சட்டையைக் கழட்டுங்க" என்றார் ஒர்னெல்லா.

கார்க் கண்ணாடி பாதி இறங்கியிருந்ததால் கேட்டது. நெவென்கா பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கதவுப் பிடியில் கை இருந்தது, திறக்கவில்லை.

"நீங்க போகலையா, மேடம்?"

"அவங்க கையில வைத்தியம் இருக்கு, போறாங்க. நான் என்னத்தைக் கொண்டு போறது?"

"அந்த வலது கை விஷயத்தை நான் சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லியிருக்காட்டி நானே பாத்திருப்பேன், சோர்கோ. உங்க மேல போட்டுக்காதீங்க."

பார்த்திருக்க மாட்டார். போனைக் கேட்டு வாங்கும்வரை அவர் பார்வை பூரெக்கில்தான் இருந்தது. எனக்காகச் சொன்ன பொய் என்று இருவருக்கும் தெரியும். நான் கண்ணாடியை ஏற்றினேன்.